அரை விரல் தள்ளி

எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் பன்னிரண்டு கட்டில்கள். பன்னிரண்டிலும் படுத்திருப்பவர்களின் தொடையை அளப்பது என் வேலை. புள்ளியியல் மாலை வகுப்பின் முதல் நாள் எல்லோரும் எழுந்து என்ன வேலை செய்கிறோம் என்று சொல்ல வேண்டியிருந்தது. "ஆஸ்பத்திரியில அளவெடுக்கிறேன்" என்றேன். பின்வரிசையிலிருந்து ஒருவர், "யூனிஃபார்முக்கா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. சரியாகச் சொல்லத் தெரியவில்லையே என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன்.

இங்கேயாவது சரியாகச் சொல்லிவிடுகிறேன். உயிருக்குப் போராடிப் படுத்திருப்பவர்களின் உடம்பில் தசை கிடுகிடுவென்று கரையும். நோய் ஒரு பக்கம், அசையாமல் கிடப்பது இன்னொரு பக்கம். ஆள் பிழைத்துக்கொண்டாலும் எழுந்து நிற்கக் கால் கேட்காது. அதனால் தொடையின் முன்பக்கத் தசை எத்தனை மில்லிமீட்டர் தடிமன் இருக்கிறது என்று தினமும் ஸ்கேன் கருவியில் பார்த்து எழுதிவைக்கிறோம்.

அளக்கும் இடம் தினமும் ஒன்றாக இருக்க வேண்டும். இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து முழங்கால் சில்லின் மேல் விளிம்புவரை டேப்பால் அளந்து, மூன்றில் இரண்டு பங்கு கீழே இறங்கி, அழியாத பேனாவால் ஒரு கூட்டல் குறி போடுவேன். அது முதல் நாள் வேலை. மறுநாளிலிருந்து அந்தக் குறியின் மேல் நிறைய ஜெல் தடவி, கருவியின் தலையை அதில் மிதக்கவிட்டுப் பார்க்க வேண்டியதுதான். அழுத்தக் கூடாது. அழுத்தினால் தசை நசுங்கி, எண் குறைந்துவிடும். மூன்று முறை பார்த்துச் சராசரி எடுப்பேன்.

என்னிடம் இரண்டு நோட்டுகள் உண்டு. ஒன்று பிரிவினுடையது, அதில் எண்கள். மற்றொன்று என்னுடையது. அதில் 'இன்று கை அழுத்தியதோ?', 'ஏழாம் கட்டில்காரரின் கால் சற்று வெளியே சாய்ந்திருந்தது, கவனிக்கவும்' போன்றவை. எங்கள் தலைமை நர்ஸ் சிஸ்டர் ஒரு தடவை இந்த இரண்டாவது நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பாவ மன்னிப்பு நோட்டா இது?" என்று கேட்டார்.

நாலாம் கட்டிலுக்கு ஒரு வெள்ளிக்கிழமை தபால்காரர் ஒருவர் வந்து சேர்ந்தார். நுரையீரலில் கடுமையான தொற்று. வாயில் குழாய், பக்கத்தில் வென்டிலேட்டர். மருந்து மயக்கம் லேசாகத்தான்; கூப்பிட்டால் கண் திறப்பார். இருபத்தாறு வருடம் சைக்கிள் மிதித்தே கடிதம் கொடுத்தவர். முதல் நாள் திரையில் அவருடைய தொடையைப் பார்த்தபோது எனக்கே மகிழ்ச்சியாக இருந்தது. முப்பத்தொன்று புள்ளி இரண்டு மில்லிமீட்டர். பன்னிரண்டு கட்டிலிலும் அதுதான் அதிகம். ஜெல் பட்டதும் அவருடைய புருவம் இரண்டும் மேலே ஏறி நின்றன. வலிக்கிறதோ என்று பயந்து கையை இன்னும் லேசாக்கினேன். நோட்டில் எழுதினேன்: 'புருவம். ஏன்?'

அவருடைய மனைவி தையல்காரர். சாயங்காலம் நாலு மணிக்குப் பார்வையாளர் நேரம் தொடங்கினால் நாலு ஒன்றுக்கு உள்ளே இருப்பார், கழுத்தில் டேப் தொங்க. கடையிலிருந்து நேரே வருகிறவருக்கு அதைக் கழற்றத் தோன்றியதே இல்லை.

"நீதான் அளவெடுக்கிற பொண்ணா?"

"ஆமாக்கா."

"எவ்வளவு?"

"முப்பத்தொண்ணு புள்ளி ரெண்டு மில்லிமீட்டர்."

"இதென்ன, பட்டன் அளவா சொல்ற? தள்ளு." கட்டிலுக்கு மறுபக்கம் போய் டேப்பைக் கழற்றினார். சிஸ்டர் ஓடிவந்து, முதலில் ஸ்பிரிட்டால் டேப்பைத் துடைக்க வைத்தார். துடைத்து முடித்ததும் அக்கா என் கூட்டல் குறியின் மேலாகத் தொடையைச் சுற்றி அளந்தார். "இருபத்திமூணு இன்ச். கல்யாணம் ஆன வருஷத்துல இருந்து இவருக்கு பேன்ட் தைக்கிறது நான்தான். தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்." சொல்லிவிட்டுக் கைப்பையிலிருந்து கடை நோட்டை எடுத்து, எதையோ எழுதிக்கொண்டார். ஒரு எண்ணுக்கு அது கொஞ்சம் அதிகமான எழுத்தாகத்தான் தெரிந்தது. ஆனால் நான் கேட்கவில்லை.

அதிலிருந்து தினமும் எங்களுக்குள் ஒரு வழக்கு. என் எண் இறங்கிக்கொண்டே வந்தது. முப்பது, இருபத்தொன்பது, இருபத்தேழரை. அவருடைய டேப் இறங்கவில்லை. கால் இன்ச் ஏறியதுகூட.

"நீ குறையுதுங்கிற. என் டேப் கூடுதுங்குது. யாரை நம்புறது?"

"அது நீர்க்கா. உடம்புல நீர் கோத்திருக்கு. தோலுக்கும் தசைக்கும் நடுவுல நின்னு சுற்றளவைக் கூட்டிக் காட்டும்."

"முப்பது வருஷத்துல என் டேப் ஒரு நாள் பொய் சொன்னதில்லை."

"நீங்க இதுவரைக்கும் தண்ணிக்கு பேன்ட் தைச்சதில்லையேக்கா" என்றார் சிஸ்டர், மருந்து ஏற்றிக்கொண்டே. தையல்காரக்கா ஒரு கணம் முறைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. படுத்திருந்தவரின் கன்னமும் குழாய்க்குப் பக்கத்தில் லேசாக அசைந்தது.

சிரிப்பெல்லாம் புதன்கிழமையோடு நின்றது. எங்கள் கீழ்மாடியில் உடற்பயிற்சி வார்டு ஒன்று இருக்கிறது. பிழைத்தவர்களை அங்கே கொண்டுபோய், உட்காரவைத்து, நிற்கவைத்து, நடக்கவைத்து அனுப்புவார்கள். ஆனால் எட்டே படுக்கை. அதனால் புதிதாக ஒரு விதி: முதல் வாரத்திலேயே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தசையை இழந்தவர்களால் அந்தப் பயிற்சியைத் தாங்க முடியாது என்று, அவர்களை நீண்ட காலப் பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள். இல்லம் மூன்று மணி நேரப் பயணத் தொலைவில். நல்ல இடம்தான், சுத்தமாக வைத்துக்கொள்வார்கள். பயிற்சி கொடுப்பவர் மட்டும் வாரத்துக்கு ஒருமுறைதான் வருவார். அங்கே போய் நடந்து திரும்பியவர்கள் குறைவு.

தபால்காரரின் நுரையீரல் தேறிக்கொண்டிருந்தது. புதன்கிழமை குழாயையும் எடுத்துவிட்டார்கள். தொண்டை புண்ணாகியிருந்ததால் ஒரு வாரம் பேசக் கூடாது என்று உத்தரவு. வெள்ளிக்கிழமை ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் முடிவு செய்வார்: கீழ்மாடியா, இல்லமா? வியாழக்கிழமை காலை நான் எழுதிய எண் இருபத்துநாலு புள்ளி ஒன்று. கணக்குப் போட்டேன். நூற்றுக்கு இருபத்துமூன்று இழப்பு. இரண்டாவது முறையும் போட்டேன். அதேதான்.

சிஸ்டர் அதைப் பார்த்தார். மேசை இழுப்பறையிலிருந்து இல்லத்துக்கான படிவத்தை எடுத்தார்.

சாப்பாட்டு நேரத்தில் ஓய்வறைக்கு இன்னொரு கருவியைத் தள்ளிக்கொண்டு போய் என் தொடையையே அளந்தேன். அழுத்தியும் அழுத்தாமலும், ஜெல் குறைவாகவும் நிறையவும், காலை நீட்டியும் சாய்த்தும். என் கையில் பெரிய குறை எதுவும் தெரியவில்லை. ஆனால் வகுப்பில் போன வாரம் நடத்திய பாடம் மனதில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. தவறுகள் இரண்டு வகை. ஒன்று சிதறும்; ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும், சராசரி எடுத்தால் சரியாகிவிடும். மற்றொன்று ஒரே பக்கமாகச் சாயும். அதை எத்தனை முறை அளந்தாலும் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் அதே பொய்யையே சொல்லும். என் எண்கள் சிதறவே இல்லை. படிக்கட்டு மாதிரி ஒழுங்காக இறங்கின. நோய் அப்படி ஒழுங்காக இறங்குமா? இல்லை, அவர் கீழ்மாடிக்குப் போக வேண்டும் என்று நானே ஆசைப்படுவதால் இப்படியெல்லாம் தோன்றுகிறதா? அதையும் எழுதிவைத்தேன்.

நாலு ஒன்றுக்குத் தையல்காரக்கா வந்தார். சிஸ்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். திரும்பி வந்து கணவருடைய கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"மூணு மணி நேரம் போக, மூணு மணி நேரம் வர. கடையை மூடிட்டா ரெண்டு பேரும் எதை வச்சுச் சாப்பிடறது? ஞாயித்துக்கிழமை மட்டும்தான் பார்க்க முடியும்." அவரிடம் சொல்கிற மாதிரி ஆரம்பித்து என்னிடம் முடித்தார். தபால்காரர் கையை நகர்த்தி அவருடைய விரலைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசியா ஒரு தடவை உங்க டேப்பால அளந்துக்கிறீங்களாக்கா?" என்றேன். ஆறுதலுக்காகக் கேட்டேனே தவிர, வேறு எண்ணம் எதுவும் இல்லை.

அவர் டேப்பைத் துடைத்தார். ஆனால் தொடையைச் சுற்றவில்லை. முழங்கால் சில்லில் ஒரு முனையை வைத்து, மறுமுனையைக் கூட்டல் குறிவரை நீட்டினார். நோட்டைத் திறந்து பார்த்தார். மறுபடியும் நீட்டினார்.

"ஏம்மா, இந்தக் குறியை எதுக்கு நகர்த்தின?"

"நகர்த்தலையேக்கா."

"வெள்ளிக்கிழமை முட்டியில இருந்து ஆறு இன்ச். இன்னைக்கு நாலரை. இங்க பாரு." நோட்டை என் முகத்துக்கு நேரே பிடித்தார். முதல் நாள் கோணல் எழுத்தில் இருந்தது: தொடை 23, முட்டிக்கு மேல் 6. "எந்த உயரத்துல சுத்தினோம்னு எழுதாம தொடை அளவு எழுதினா அது அளவா? மேல போனா பெருக்கும், கீழ வந்தா சிறுக்கும். முதல் நாள் எழுதினதோட சரி, மத்த நாளெல்லாம் உன் குறியை நம்பிச் சுத்திட்டேன்."

நானும் அதைத்தான் செய்திருந்தேன். பிரிவின் நோட்டைப் புரட்டினேன். என் கையெழுத்திலேயே இருந்தது: முழங்காலிலிருந்து பதினைந்து சென்டிமீட்டர். ஆறு இன்ச்தான். டேப்பை வாங்கி வைத்துப் பார்த்தேன். பதினொன்றரை. முழங்காலை நெருங்க நெருங்கத் தசை மெலியும். ஜெல், கோணம், கையின் பாரம் என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவள் குறியைச் சந்தேகப்படவில்லை. கருகருவென்று பளிச்சென்று இருக்கிறதே என்று மகிழ்ந்தேன். அந்தப் பேனாவை மாலை வகுப்பில் இரண்டு பேருக்குச் சிபாரிசுகூடச் செய்திருந்தேன். ஆறு நாள் உடம்பு துடைத்தும் மங்காத மை உலகத்தில் ஏது?

உடம்பு துடைப்பவர்! சாமான் அறைக்கு விரைந்தேன். நோயாளிகளைக் குளிப்பாட்டித் துடைக்கும் அண்ணனை நாங்கள் பளபளா என்று கூப்பிடுவோம். அவர் கை பட்டால் ஆளும் மின்னுவார், கட்டில் கம்பியும் மின்னும். துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நாலாம் கட்டில்காரர் கால்ல குறி போட்டது நீங்களா?"

முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. "பரவாயில்லையே, கண்டுபிடிச்சிட்டியே! நீ அன்னைக்கு அழிக்காதீங்கண்ணேன்னு கெஞ்சின இல்ல? எனக்கு உடம்புல மைக்கறையோட விட மனசு வராது. அதான் நல்லாத் தேய்ச்சுத் துடைச்சிட்டு, உன் பேனாவாலயே திரும்பப் போட்டுடறேன். உனக்கும் சிரமமில்ல."

"அதே இடத்துலயா?"

"அதே இடத்துல எப்படிப் போடறது? ஸ்பிரிட் வச்சுத் தேய்ச்ச இடம் சிவந்திருக்குமே, பாவம். அரை விரல் தள்ளிப் போடுவேன்."

"தினமும்?"

"தினமும்."

"கீழயே?"

"மேல துணி இருக்கு. கீழதான் வசதி." என் முகத்தைப் பார்த்துவிட்டு அவருடைய சிரிப்பு குறைந்தது. "ஏன், எந்தக் கால்னு அடையாளம்தானே அது? காலை மாத்தலையே நான்."

அவர் சொன்னது நியாயம். குறி எதற்கு என்று நான் அவரிடம் சொன்னதே இல்லை. அழிக்காதீர்கள் என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். அதை அவரிடமே சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அவர் துண்டுகளைப் போட்டுவிட்டு எனக்கு முன்னால் நாலாம் கட்டிலை நோக்கி நடந்தார்.

இடுப்பெலும்பிலிருந்து புதிதாக அளந்தேன். பதினைந்து சென்டிமீட்டரில் புதிய குறி. ஜெல் தடவியதும் தபால்காரரின் புருவம் ஏறியது. எனக்கு இன்னொரு பயம்: நல்ல எண் வர வேண்டும் என்ற ஆசையில் கை தானாகத் தூக்கிக்கொள்ளுமோ? திரையைச் சிஸ்டர் பக்கம் திருப்பிவிட்டேன். "நான் பார்க்கல சிஸ்டர். நீங்க அளந்து எழுதுங்க. மூணும் முடிஞ்சப்புறம் சொல்லுங்க."

மூன்று முறை எடுத்தேன். தையல்காரக்கா டேப்பைக் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தார். பளபளா அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

"இருபத்தேழு புள்ளி மூணு. இருபத்தேழு புள்ளி அஞ்சு. இருபத்தேழு புள்ளி நாலு" என்று படித்தார் சிஸ்டர்.

நூற்றுக்குப் பன்னிரண்டு. குறைந்திருந்தது உண்மை. ஆனால் ஐந்தில் ஒரு பங்கு இல்லை.

"என்ன, பாஸா?" என்றார் தையல்காரக்கா.

"இன்னும் பெரிய டாக்டர் இருக்காருக்கா."

அன்று வகுப்புக்குப் போகவில்லை. மற்ற பதினோரு கட்டிலிலும் எலும்பிலிருந்து அளந்து பார்த்தேன். பளபளா அண்ணன் விளக்கைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். நேற்று வந்த இரண்டு பேரைத் தவிர மற்ற எல்லோருடைய குறியும் முழங்காலை நோக்கிப் புறப்பட்டிருந்தது. ஒன்பதாம் கட்டிலில் மூன்று விரல். "இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா பெருவிரலுக்கு வந்து சேர்ந்திருக்கும்" என்றார் சிஸ்டர். எல்லா எண்களுக்குப் பக்கத்திலும் சிவப்பு மையில் 'இடம் தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நல்லவேளையாக, அந்த எண்களை வைத்து இதுவரை யாரையும் எங்கும் அனுப்பியிருக்கவில்லை. எங்கள் பிரிவில் இந்த அளவெடுப்பு தொடங்கியே மூன்று வாரம்தான் ஆகிறது. முதல் முடிவே தபால்காரருடையதுதான்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பெரிய டாக்டர் நாலாம் கட்டிலுக்கு வந்தார். பின்னால் ஐந்தாறு பேர். படிவத்தில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தவர் என் நோட்டைப் பார்த்தார்.

"நேத்துக் காலையில இருபத்திமூணு பர்சென்ட் இழப்பு. நேத்துச் சாயங்காலம் பன்னிரண்டு. எட்டு மணி நேரத்துல வளர்ந்துடுச்சா? உரம் கிரம் போட்டியா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எழுதிவைத்திருந்ததைப் பார்த்தே சொன்னேன்: குறி எப்படி நகர்ந்தது, எவ்வளவு நகர்ந்தது, சரிபார்க்காதது என் தவறு என்பதுவரை. அந்த அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். அவரே தூரத்திலிருந்து, "நான்தான் சார் தள்ளித் தள்ளிப் போட்டது" என்று கையைத் தூக்கினார்.

பெரிய டாக்டர் யாரையும் திட்டவில்லை. "நானே பார்த்துடறேன்" என்று கருவியை எடுத்துப் புதிய குறியின் மேல் வைத்தார். திரையில் இருபத்துமூன்று புள்ளி எட்டு.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அவருடைய கையைப் பார்த்தேன். கட்டை விரலின் நுனி வெளுத்திருந்தது.

"சார்..." என்றேன். "அழுத்துறீங்க சார்."

சிஸ்டர் மூச்சை இழுப்பது கேட்டது. பெரிய டாக்டர் தன் கையைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் ஜெல்லைப் பிதுக்கினார். கருவியை அதில் மிதக்கவிட்டார். திரையில் தசை மெல்ல உப்பி எழுந்தது, தலையணையிலிருந்து கையை எடுத்த மாதிரி. இருபத்தேழு புள்ளி மூன்று.

"ம்" என்றார். பேனாவை மூடினார். "கீழ்மாடியில ஒரு படுக்கை சொல்லிடுங்க. இந்தப் படிவத்தைக் கிழிச்சிடுங்க." இரண்டடி போனவர் திரும்பி என்னிடம் கேட்டார்: "நான் எப்பவுமே அழுத்துறேனா?"

"இன்னைக்குத்தான் சார் பார்த்தேன்" என்றேன். அது உண்மைதான்.

இப்போது எங்கள் பிரிவில் குறிக்குப் பக்கத்திலேயே முழங்காலிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்றும் எழுதுகிறோம். தினமும் அதை டேப்பால் சரிபார்த்த பிறகுதான் ஜெல் குப்பியைத் திறக்கலாம். பளபளா அண்ணன் அந்த இடத்தை மட்டும் துடைக்காமல் சுற்றிவருகிறார். ஒவ்வொரு தடவையும் அவருக்கு மனசு பதறுகிறது என்பது முகத்தில் தெரியும். யாராவது புதிய நர்ஸ் அதன் மேல் கை வைத்தால், "அது எந்தக் கால்னு அடையாளம் இல்லம்மா" என்று ஆரம்பித்து, இடுப்பெலும்பிலிருந்து பாடம் எடுத்துவிடுகிறார்.

அடுத்த வியாழக்கிழமை அளவெடுக்கக் கீழ்மாடிக்குப் போனேன். தபால்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். எட்டு வினாடி நின்றாராம். தையல்காரக்கா கடை நோட்டில் அதையும் எழுதிவைத்திருந்தார். அவரைப் படுக்கவைத்து, டேப்பால் சரிபார்த்து, ஜெல்லைத் தடவினேன். புருவம் ஏறியது.

"வலிக்குதாங்க?" என்று கேட்டேன். பேச அனுமதித்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. கரகரத்த குரலில் சொன்னார்:

"வலியெல்லாம் இல்லம்மா. அந்தக் கூழ் ஐஸ் மாதிரி இருக்கு. முதல் நாள்ல இருந்து சொல்லிட்டே இருக்கேன், யாருக்கும் புரியல."

"புருவத்தால சொன்னா எப்படிப் புரியும்?" என்றார் தையல்காரக்கா. "இந்த மனுஷன் வீட்லயும் இப்படித்தான்."

என் நோட்டை எடுத்து, 'புருவம். ஏன்?' என்று எழுதியிருந்த பக்கத்தைத் தேடினேன். அதன் கீழே எழுதினேன்: 'ஜெல் குப்பியை முன்கூட்டியே வெந்நீரில் வைக்கவும்.'